பிரான்ஸ் கார்ட் இருந்தும் மனைவியை டப்ளின் விமானத்தில் ஏற்றவில்லை. இது சட்டமா?

வண்ணைவாசன்
உறவுகளே, வணக்கம். போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் பதில் தாருங்கள்.

நான் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 2016இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. மனைவியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் பிரான்சின் பத்து வருட வதிவிடக் கார்டும் இருக்கின்றன. இதே கார்டோடு ஜேர்மனி, இத்தாலி, சுவிஸ் எல்லாம் போய் வந்தாயிற்று. ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. டப்ளினில் அக்கா மகனுக்கு நிச்சயதார்த்தம் என்று நாலு பேருக்கும் டிக்கெட் போட்டேன். விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் இருந்த பெண் மனைவியின் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணினியில் ஏதோ தட்டினார். "அயர்லாந்து விசா எங்கே?" என்றார்.

நானும் விடவில்லை. ஐரோப்பியக் குடிமகனின் மனைவிக்கு விசா தேவையில்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 சட்டத்தில் இருப்பதைப் போனில் எடுத்துக் காட்டினேன். மேலதிகாரி வந்தார், அவரும் அதே பாட்டுத்தான். சின்னவள் அழுகை, பெரியவன் போனுக்குள் தலை. நாலு பேரும் பெட்டியோடு வீடு திரும்பினோம். அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கேள்வி இரண்டு. அவர்கள் செய்தது சட்டப்படி சரியா? கலியாணத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது, அதற்காவது எப்படிப் போவது?

கிளியக்கா
நட்டஈடு கேளுங்கள் தம்பி. விமானத்தில் ஏற்ற மறுத்தால் ஆளுக்கு 250 யூரோ தர வேண்டும். நாலு பேருக்கு ஆயிரம்!

மொழிபெயர்ப்பாளன்
அக்கா, அவசரப்பட வேண்டாம். அந்த 250 யூரோ 261/2004 விதியில் வருவது. இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு ஒருவரை விட்டுப் போகிறார்களே, முக்கியமாக அதற்காக வந்தது. பயண ஆவணம் போதாது என்று நியாயமான காரணத்தோடு நிறுத்தினால் அது கணக்கில் வராது என்று அந்த விதியே சொல்கிறது.

முதலில் ஒன்று: நான் வழக்கறிஞர் இல்லை. இருபது வருடமாக வழக்கறிஞருக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவன். இதே கதையைக் குறைந்தது பத்துத் தடவை மொழிபெயர்த்திருக்கிறேன்.

வண்ணைவாசன், நீங்கள் காட்டியது சரியான சட்டம்தான். ஆனால் அதன் 5ஆம் பிரிவைக் கடைசி வரை வாசிக்க வேண்டும். விசா வேண்டாம் என்ற சலுகை, அதே சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி கொடுத்த வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்கு. அந்த அட்டையில் 'ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர்' என்று எழுதியிருக்கும். உங்கள் மனைவியின் கார்டை எடுத்துப் பாருங்கள், அப்படி இருக்காது. அது பிரெஞ்சுக்காரரின் மனைவி என்பதற்காகப் பிரான்சின் உள்நாட்டுச் சட்டப்படி கொடுத்தது.

ஏன் அந்த அட்டையைத் தரவில்லை என்று கேட்பீர்கள். 3ஆம் பிரிவில் இருக்கிறது பதில். தன் குடியுரிமை உள்ள நாட்டை விட்டு ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குப் போகிறவர், அங்கே வாழ்கிறவர், இவர்களுக்குத்தான் இந்தச் சட்டம். நீங்கள் பிரான்சில் இருக்கும் பிரெஞ்சுக்காரர். உங்கள் சொந்த வீட்டுக்குள் அந்தச் சட்டம் நுழையாது.

அப்படியென்றால் இத்தாலிக்கு எப்படிப் போனீர்கள்? அது உங்களால் இல்லை. ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட நாடுகளின் கூட்டு. அதில் ஒரு நாட்டின் வதிவிட அனுமதி வைத்திருக்கும் யாரும், செல்லுபடியான கடவுச்சீட்டோடு, 180 நாளுக்குள் 90 நாள் மற்ற ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். ஷெங்கன் உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு அது. உங்கள் மனைவி தனியாகப் போயிருந்தாலும் போயிருப்பார். அது அவருடைய சொந்த உரிமை. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. சைப்பிரசும் அப்படியே. சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாலும் மற்றப் பக்கம்: ஷெங்கனில் இருக்கின்றன, ஒன்றியத்தில் இல்லை. எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பாதிப் பேர் விமான நிலையத்தில் நிற்கிறார்கள்.

சாந்தினி_லியோன்
கொஞ்சம் பொறுங்கள். என் பக்கத்து வீட்டில் ஒரு ஜேர்மன்காரர் இருக்கிறார், மனைவி பிலிப்பைன்ஸ். அவர்கள் போன வருடம் டப்ளினுக்கு விசா இல்லாமல் போய் வந்தார்கள். அதே பிரான்ஸ், அதே கட்டடம், அதே மாடி. வரி நாங்களும்தான் கட்டுகிறோம். பிரெஞ்சுக்காரனின் மனைவிக்கு இல்லாத உரிமை ஜேர்மன்காரனின் மனைவிக்கா?

மொழிபெயர்ப்பாளன்
ஓம், அதேதான். அவர் தன் நாட்டை விட்டு வெளியே வாழ்கிறார், அதனால் அவர் மனைவிக்கு 10ஆம் பிரிவு அட்டை கிடைத்திருக்கும். சட்டக்காரர்கள் இதைத் தலைகீழ்ப் பாகுபாடு என்பார்கள். ஒன்றியச் சட்டம் எல்லை தாண்டும்போதுதான் விழித்துக்கொள்ளும். தாண்டாதவரை அந்தந்த நாட்டின் சட்டம்தான் ராஜா.

சாந்தினி_லியோன்
நல்ல ராஜா.

மால்மோக்காரன்
சாந்தினி அக்காவின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தில் நான் நாலு வருடம் வாழ்ந்தவன்.

நான் ஏழு வயதில் டென்மார்க் வந்தவன், டெனிஷ் குடிமகன். 2004இல் யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்தேன். எனக்கு 23, அவருக்கு 22. டென்மார்க்கில் 2002இல் ஒரு சட்டம் வந்திருந்தது: கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது ஆகாமல் சேர்ந்து வாழ விசா கிடையாது. 24 ஆனாலும் விடமாட்டார்கள், இருவருக்கும் வேறெந்த நாட்டையும் விட டென்மார்க்கோடுதான் பிணைப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பெண் அதை எப்படிக் காட்டுவார்?

அந்த நேரம் டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஒரெசுண்ட் பாலம் திறந்து நாலு வருடம். அந்தப் பக்கம் சுவீடனின் மால்மோ. சுவீடனுக்கு நான் ஒரு ஒன்றியக் குடிமகன், என் மனைவி ஒன்றியக் குடிமகனின் மனைவி. என் சொந்த நாடு மூடிய கதவைப் பக்கத்து நாடு திறந்தது. மால்மோவில் ஒரு சின்ன வீடு எடுத்து, தினமும் காலையில் ரயில் ஏறி கொப்பன்ஹேகனுக்கு வேலைக்குப் போவேன். அந்தப் பெட்டியில் எங்களைப் போல எத்தனை சோடி! துருக்கி, பாகிஸ்தான், ஏன், அமெரிக்கப் பெண்ணைக் கட்டிய வெள்ளை டெனிஷ்காரரும் இருந்தார். காதல் அகதிகள் என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

2008 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் மெட்டொக் என்ற அயர்லாந்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒன்றியக் குடிமகனின் துணை, முன்பே வேறொரு ஒன்றிய நாட்டில் சட்டப்படி இருந்திருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது, எப்போது எங்கே கலியாணம் முடித்தார்கள் என்பதும் முக்கியமில்லை என்று. அதற்குப் பிறகுதான் டெனிஷ் பத்திரிகைகள் இதைக் கிளறின. எங்களைப் போன்றவர்கள் அதற்கு முன்பே மனைவியோடு திரும்பி வந்திருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கேட்டபோதும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

(திரும்பினோமா என்று கேட்காதீர்கள். பிள்ளைக்குச் சுவீடிஷ் வந்துவிட்டது, மனைவிக்கு மால்மோ பிடித்துவிட்டது. பெயரைப் பார்த்தாலே தெரியுமே.)

கிளியக்கா
இப்படியும் ஒரு கதையா! ஆனால் திரும்பி வரலாம் என்று எந்தச் சட்டத்தில் இருந்தது? தன் நாட்டுக்குள் ஒன்றியச் சட்டம் நுழையாது என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

மொழிபெயர்ப்பாளன்
நல்ல கேள்வி அக்கா. அந்தச் சட்டப் புத்தகத்தில் இல்லை, தீர்ப்பில் இருக்கிறது. 1992இல் வந்த சுரிந்தர் சிங் வழக்கு. இந்தியரான அவர் பிரித்தானியக் குடியுரிமை உள்ள ஒரு பெண்ணைக் கட்டியவர். இருவரும் ஜேர்மனியில் சில வருடம் வேலை செய்துவிட்டுப் பிரித்தானியா திரும்பினார்கள். பிறகு அவரை வெளியேற்றப் பார்த்தது அரசு. நீதிமன்றம் சொன்னதன் சாரம்: வேறு நாட்டுக்குப் போய் வேலை செய்யும் உரிமை ஒருவருக்கு இருக்கிறது, திரும்பி வரும்போது துணையைக் கூட்டி வர முடியாது என்றால் யார் புறப்படுவார்? ஆகவே வெளியே வாழ்ந்துவிட்டுத் திரும்பும்போது ஒன்றியச் சட்டமும் கூடவே வரும்.

ஆனால் இரண்டு வாரம் பெல்ஜியத்தில் போய்ப் படுத்துவிட்டு வந்தால் நடக்காது. 2014இல் நெதர்லாந்து வழக்கு ஒன்றில், உண்மையாகவே அங்கே குடியிருந்து குடும்பம் நடத்தியிருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வார இறுதிகளில் போய் வந்ததைக் கூட்டிக் காட்டினாலும் எடுபடாது.

வண்ணைவாசன்
வாசிக்க வாசிக்கத் தலை சுற்றுகிறது. என் கலியாண விஷயத்துக்கு வாருங்கள் ஐயா. நான் பெல்ஜியத்தில் குடியேற முடியாது.

மொழிபெயர்ப்பாளன்
மன்னிக்கவும், கதை நீண்டுவிட்டது. உங்களுக்கு நல்ல செய்திதான். நீங்கள் அயர்லாந்துக்குப் போகும்போது வேறொரு ஒன்றிய நாட்டுக்குப் போகும் குடிமகன் ஆகிறீர்கள். கூட வரும் மனைவிக்கு விசா வேண்டும், ஆனால் அதைக் கட்டணம் இல்லாமல், சீக்கிரமாக, இழுத்தடிக்காமல் தர வேண்டும் என்று 5ஆம் பிரிவே சொல்கிறது. சாதாரணச் சுற்றுலா விசா படிவத்தில் போட்டுவிடாதீர்கள். ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர் என்று தெளிவாக எழுதுங்கள். கடவுச்சீட்டு, கலியாணப் பதிவு, அதன் மொழிபெயர்ப்பு, நீங்களும் கூடப் போகிறீர்கள் என்பதற்கு டிக்கெட். வங்கிக் கணக்கு, சம்பளத் துண்டு, ஹோட்டல் பதிவு எல்லாம் இந்த வகை விசாவுக்குக் கேட்கக் கூடியவை அல்ல. கேட்டால் மரியாதையாகச் சட்டத்தைக் காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சோல்விட் என்று ஒரு சேவை இருக்கிறது, ஒவ்வொரு நாட்டிலும் அரசே நடத்துவது, காசு இல்லை. ஒரு நாட்டின் அலுவலகம் ஒன்றியச் சட்டத்தை மீறினால் மற்ற நாட்டு அலுவலகம் வழியாகத் தட்டிக் கேட்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசப்பானது. 2002இல் பெல்ஜிய வழக்கு ஒன்றில் நீதிமன்றம் சொன்னது: ஒன்றியக் குடிமகனின் துணை விசா இல்லாமல் எல்லைக்கு வந்தாலும், ஆள் யார், கலியாணம் உண்மையா என்பதை நிரூபித்துவிட்டால், பொது ஒழுங்குக்கோ பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்து என்று காரணம் இல்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது. அதாவது டப்ளினில் போய் இறங்கியிருந்தால் உங்கள் மனைவிக்கு வாதாட இடம் இருந்திருக்கும். ஆனால் இறங்க விடுவது யார்? விமான நிறுவனம். விசா இல்லாத ஆளை ஏற்றினால் அபராதம் அவர்களுக்கு. 2017இல் லண்டனிலிருந்து புடாபெஸ்ட் போன ஒரு உக்ரேனியரிடம், குடும்ப உறுப்பினர் என்ற நிரந்தர வதிவிட அட்டையே இருந்தது. அப்படியும் ஏற்றி வந்த நிறுவனத்துக்கு ஹங்கேரி பொலிஸ் அபராதம் போட்டது. அந்த அட்டைக்கு விசா தேவையில்லை என்று 2020இல் நீதிமன்றம் சொல்லத்தான் பிரச்சினை தீர்ந்தது. சரியான அட்டைக்கே அந்தப் பாடு. அந்தப் பெட்டி போடும் பெண் ஏன் உங்களோடு வாதாட வேண்டும்?

சரவணன்_மியூனிக்
வணக்கம், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மதுரை, இங்கே ப்ளூ கார்டில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான அனுமதியில், வேலை. போன மாதம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போய்விட்டு ரயிலில் திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லை ஊரான ஃப்ரைலாசிங்கில் போலீஸ் ஏறினார்கள். பிளாஸ்டிக் கார்டைக் காட்டினேன், பாஸ்போர்ட் கேட்டார்கள். வீட்டில் வைத்துவிட்டேன். அரை மணி நேரம் இறக்கி உட்கார வைத்து, கடைசியில் எச்சரித்து விட்டார்கள். ஷெங்கன் என்றால் எல்லைச் சோதனையே இல்லை என்றுதானே சொல்கிறார்கள்? எதிரே இருந்த ஜெர்மன் பாட்டியிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மால்மோக்காரன்
ஹா, பாலத்துக்கு வாருங்கள் தம்பி. 2015 முடிவிலிருந்து நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளன்
சரவணன், பாஸ்போர்ட் விஷயத்தில் தவறு உங்கள் பக்கம். கார்டும் கடவுச்சீட்டும் இரண்டும் சேர்ந்தால்தான் 21ஆம் பிரிவு. கார்ட் மட்டும் போதாது.

சோதனை வேறு கதை. ஆபத்து என்று காரணம் காட்டி ஒரு நாடு தற்காலிகமாக எல்லைச் சோதனையைக் கொண்டு வரலாம். ஜேர்மனி ஆஸ்திரிய எல்லையில் 2015 செப்டம்பரில் தொடங்கியது, 2024 செப்டம்பர் 16 முதல் எல்லாத் தரை எல்லைகளிலும். 'தற்காலிகம்' எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஆஸ்திரியா ஸ்லோவேனிய எல்லையில் இதையே செய்தபோது, ஸ்பீல்ஃபெல்டில் ஒருவர் கடவுச்சீட்டைக் காட்ட மாட்டேன் என்று நின்றார். 36 யூரோ அபராதம். அந்த 36 யூரோவை லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை கொண்டு போனார். 2022 ஏப்ரலில் தீர்ப்பு: அதே ஆபத்தைச் சொல்லி ஆறு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது, புதிய ஆபத்து இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் நாடுகள் ஒவ்வொரு ஆறு மாதமும் புதிய ஆபத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கின்றன. 2024இல் எல்லை விதியையே திருத்தி இன்னும் கூடுதலாக இடம் கொடுத்துவிட்டார்கள்.

பாட்டியிடம் கேட்காமல் உங்களிடம் கேட்டது பற்றி நான் என்ன சொல்ல? நிறம் பார்த்து நிறுத்தக் கூடாது என்பது சட்டம். ரயில் பெட்டியில் நடப்பது நமக்குத் தெரியும்.

சரவணன்_மியூனிக்
அப்போ நானும் காட்ட மாட்டேன் என்று நிற்கலாமா?

கிளியக்கா
தம்பி, அந்த வீரத்தைக் குடியுரிமை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளன்
அக்கா சொன்னதேதான். அவர் 2019இல் நின்று 2022இல் தீர்ப்பு வாங்கினார். அத்தனை நாள் வழக்காட அவருக்கு வசதி இருந்தது. உங்கள் ப்ளூ கார்டை நீங்கள் புதுப்பிக்க வேண்டும்.

பேர்ண்_தம்பி
அண்ணைமாரே, எனக்கும் ஒரு கேள்வி. சுவிசில் அகதி அந்தஸ்து, பி கார்ட் என்ற வதிவிட அனுமதி, அகதிகளுக்கான நீல ட்ரவல் டொக்குமென்ட். அண்ணன் ஸ்டுட்கார்ட்டில் கடை வைத்திருக்கிறார், வந்து நில் என்கிறார். அகதி என்று ஒரு நாடு ஏற்றால் எல்லா நாடும் ஏற்ற மாதிரித்தானே?

மொழிபெயர்ப்பாளன்
இல்லை தம்பி. இது பெரிய தப்பெண்ணம். அண்ணனைப் பார்க்க 90 நாள் கணக்கில் போகலாம், வரலாம். குடியிருக்கவோ கடையில் வேலை செய்யவோ அந்தப் புத்தகம் இடம் தராது. அங்கே போய்ப் புதிதாகத் தஞ்சம் கேட்டாலும், சுவிஸ் ஏற்கெனவே பாதுகாப்புத் தந்திருக்கிறது என்று திருப்பி விடுவார்கள். அகதிகளின் பொறுப்பை நாடு விட்டு நாடு மாற்ற 1980இல் ஓர் ஐரோப்பிய உடன்படிக்கை இருக்கிறது, ஆனால் அதற்கும் போகிற நாட்டின் அனுமதியோடு அங்கே பொதுவாக இரண்டு வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அனுமதிதானே பிரச்சினை.

ஐந்து வருடம் இருந்தால் நீண்டகால வதிவிட உரிமை, அதை வைத்து வேறு நாட்டுக்கு மாறலாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஒன்றிய நாடுகளுக்கு, 2003/109 சட்டம். சுவிஸ் அதில் இல்லை, நிரந்தர வதிவிடத்துக்கான சி கார்ட் உங்களுக்கு வந்தாலும் ஜேர்மனியில் அந்தப் பலன் கிடையாது. உங்களுக்கு உண்மையான வழி சுவிஸ் குடியுரிமை. அதற்குப் பொதுவாகப் பத்து வருடமும் சி கார்டும் வேண்டும். குடிமகன் ஆகிவிட்டால் 2002 முதல் நடைமுறையில் உள்ள சுவிஸ்-ஒன்றிய உடன்படிக்கைப்படி ஸ்டுட்கார்ட் போய் வேலை செய்யலாம்.

இன்னொன்று. அதற்கிடையில் ஊர்ப் பக்கம் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தஸ்தே போய்விடும்.

பேர்ண்_தம்பி
அம்மா சுகமில்லாமல் இருக்கிறா. அதுதான் கேட்க நினைத்தேன். சரி அண்ணை.

கிளியக்கா
தம்பி, அம்மாவை இந்தியாவுக்கு வரச் சொல்லி அங்கே போய்ப் பாருங்கள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் சந்திக்கிறார்கள். உங்கள் புத்தகத்துக்கு இந்திய விசா எடுக்க முடியுமா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள்.

வண்ணைவாசன்
எல்லோருக்கும் நன்றி. விசாவுக்குப் போடுகிறேன். கலியாணம் சனிக்கிழமை டப்ளினில், ஞாயிறு பெண் வீட்டு வரவேற்பு பெல்ஃபாஸ்டில். வேனில் இரண்டு மணி நேரம்தானாம். அதையும் படிவத்தில் எழுத வேண்டுமா?

மொழிபெயர்ப்பாளன்
பெல்ஃபாஸ்டா! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

பெல்ஃபாஸ்ட் வட அயர்லாந்து. அது பிரித்தானியா. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டது, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு 2004/38 அங்கே செல்லாது. உங்கள் மனைவியின் அயர்லாந்து விசா அங்கே வெறும் காகிதம். அவருக்குப் பிரித்தானிய விசா தனியாக, கட்டணத்தோடு. உங்களுக்கும் அடையாள அட்டை போதாது, பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் ஈ.டி.ஏ. என்ற முன் அனுமதியும் வேண்டும்.

சரவணன்_மியூனிக்
ஆனால் அந்த ரோட்டில் செக்போஸ்ட்டே கிடையாதே? நண்பன் டப்ளினில் இருக்கிறான், அவன் வாராவாரம் போகிறேன் என்கிறான்.

மொழிபெயர்ப்பாளன்
செக்போஸ்ட் இல்லை. இரு நாடுகளுக்கும் நடுவில் 1920களிலிருந்து பொதுப் பயணப் பகுதி இருக்கிறது, வழக்கமான சோதனை கிடையாது. வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அவ்வளவுதான் எல்லை. ஆனால் அந்த வசதி பிரித்தானிய, ஐரிஷ் குடிமக்களுக்கு உரிமை, மற்றவர்களுக்கு இல்லை. பலகையைத் தாண்டிய நிமிடமே உங்கள் மனைவி பிரித்தானியாவில் அனுமதி இல்லாமல் நிற்பவர். எப்போதாவது பேருந்தை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. பிடிபட்டால் நாளைக்கு லண்டன் விசாவுக்கும் அது வரும். உங்கள் நண்பன் எந்தப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள்.

சாந்தினி_லியோன்
பேசாமல் மனைவிக்கும் நசனலிட்டிக்குப் போடுங்கள் அண்ணா. கலியாணமாகி நாலு வருடம் கழிந்தால் போடலாமே.

வண்ணைவாசன்
பதினொரு வருடம் ஆகிவிட்டது. பிரெஞ்சுப் பரீட்சை என்றால் அவவுக்குக் காய்ச்சல் வரும்.

வண்ணைவாசன்
மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

டப்ளின் விசா காசில்லாமல் கிடைத்தது. முதலில் வங்கிக் கணக்குக் கேட்டார்கள். இங்கே சொன்னபடி பிரிவு எண்ணைப் போட்டு ஒரு கடிதம் எழுதினேன், பிறகு கேட்கவில்லை. டப்ளினில் இறங்கியபோது அதிகாரி கலியாணப் பதிவை ஒரு தரம் பார்த்தார், "வெல்கம்" என்று முத்திரை குத்தினார். விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் அதே பெண்தான் இருந்தார். எங்களை நினைவிருந்தது போலத்தான் தெரிந்தது.

பிரித்தானிய விசாவுக்கு நாள் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் பெரியவனும் வேனில் போனோம். மனைவியும் சின்னவளும் அக்கா வீட்டில். வரவேற்பை வீடியோவில் காட்டச் சொன்னா, காட்டினேன். பலகையில் மைல் வந்த இடத்தையும் காட்டினேன். "இதுக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா.

போன கிழமை பிரெஞ்சு வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறா.